பிழைத்தவரைக் கைவிடுவதா?

புற்றுநோயின் பிடியிலிருந்து ஒரு தொழிலாளியை மீட்டுவிட்டு, மீட்ட வைத்தியமே பின்னால் விளைவிக்கும் கேட்டுக்கு மருந்து இருந்தும், கையில் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கைவிடுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? இந்தக் கேள்வியை நாம் எழுப்ப விரும்புகிறோம். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று எண்ணி ஒதுக்கிவிடலாகாது. மில்லில் நூல் இழுப்பவரும், வயலில் நாற்று நடுபவரும், கட்டிடத்தில் கல் சுமப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஏனெனில் நோய் வர்க்கம் பார்த்து வருவதில்லை. ஆனால் வைத்தியம் இன்றும் வர்க்கம் பார்த்துத்தான் கிடைக்கிறது.

வேளச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமம் அது. அங்கே ஏர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கட்டிட வேலைக்கும், துப்புரவு வேலைக்கும், காவல் வேலைக்கும் போய் வருகிறார்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் தரமணி. ஐந்தாவது நிலையம் கஸ்தூரிபாய் நகர். தரமணியில் 2019-ம் ஆண்டு ஜனவரியில் அப்பல்லோ நிறுவனத்தின் புரோட்டான் புற்றுநோய் மையம் திறக்கப்பட்டது. தெற்காசியாவிலேயே முதலாவதாக வந்த புரோட்டான் மையம் அது. கஸ்தூரிபாய் நகரில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் இருக்கிறது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. உலகத்தின் புத்தம்புதிய சிகிச்சையும், ஏழைகளுக்காகவே பிறந்த பழைய ஆஸ்பத்திரியும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. ரயில் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். இறங்கிய பிறகு ஆகும் செலவுதான் மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கிறது!

கதிர் தந்த வாழ்வு

கதிர்வீச்சு சிகிச்சையை நம் ஜனங்கள் ‘கரண்ட் வைத்தியம்’ என்பார்கள். உண்மையில் அது மின்சாரம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத, உடலை ஊடுருவிப் போகும் கதிர்கள் அவை. புற்றணுக்கள் பெருகுவதற்கு ஆதாரமான மரபுப் பொருளை அக்கதிர்கள் உடைத்துவிடுகின்றன. பெருக முடியாத அணு மடிந்துபோகிறது.

1898-ம் ஆண்டில் ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரியும் அவரது கணவர் பியேர் கியூரியும், அதைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்க மறுத்துவிட்டார்கள். விஞ்ஞானம் மனித குலத்துக்குச் சொந்தம் என்பது அவர்களது எண்ணம். கதிர் வைத்தியத்தின் பிறப்பிலேயே இந்த உயர்ந்த லட்சியம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நம் ஊரிலும் அதே எண்ணம் கொண்டவர்கள் இருந்தார்கள். தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டுகள் ஓயாமல் முயன்று 1954-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அடையாறில் இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகளே. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ம் ஆண்டு ஜனவரியில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1950-களின் பிற்பகுதியிலேயே கோபால்ட் கதிர் இயந்திரம் அங்கே வந்துவிட்டது. முன்பு சாவைத் தவிர வேறு முடிவில்லை என்றிருந்த எத்தனையோ பேர் அதனால் பிழைத்து வீடு திரும்பினார்கள்.

ஆகவே ஒன்றை முதலிலேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கதிர் வைத்தியம் நமக்கு எதிரி அல்ல. அதனால் வரும் ஒரு கேட்டைப் பற்றி இங்கே எழுதுகிறோம் என்பதற்காக, டாக்டர் சொன்ன கதிர் சிகிச்சையை யாரும் பாதியில் விட்டுவிடக் கூடாது. கேடு வருவது சிலருக்கே. கதிரால் பிழைப்பவர்கள் பலர்.

கேடு எப்படி வருகிறது?

மூளையில் கட்டி வந்தவர்களுக்கும், நுரையீரலிலோ மார்பிலோ தோன்றிய புற்று மூளைக்குப் பரவியவர்களுக்கும், மூக்கின் பின்புறத்தில் புற்று வந்தவர்களுக்கும் கதிர் பாய்ச்சும்போது, கட்டியை ஒட்டியுள்ள நல்ல மூளைத் திசுவும் ஓரளவு கதிரை வாங்கிக்கொள்கிறது. அதன் பலன் உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தலைகாட்டுகிறது. சிலருக்கு அதற்கும் பின்னால் வருகிறது.

மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களைப் பாசன வாய்க்கால்களாக எண்ணிப் பாருங்கள். கதிர் பட்ட இடத்தில் வாய்க்காலின் கரை அரிக்கப்படுகிறது. கரை ஓட்டையானால் என்ன ஆகும்? உடைப்பெடுத்த இடத்தில் வெள்ளம் தேங்குகிறது. கடைமடைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேருவதில்லை. மூளையிலும் அதுவே நடக்கிறது. குழாய் கசிந்து திசு வீங்குகிறது. அடுத்த பகுதிக்கு ரத்தம் போதாமல் அது பட்டுப்போகிறது. பிராணவாயு கிடைக்காமல் தவிக்கும் திசு, புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அப்படி அவசரத்தில் முளைக்கும் குழாய்களும் உறுதியற்றவையே. அவையும் கசிகின்றன. வீக்கம் மேலும் கூடுகிறது. மின்கம்பிக்கு உறை போல நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலமும் சிதைகிறது. இதைத்தான் டாக்டர்கள் கதிரால் நேர்ந்த மூளைத் திசு இறப்பு என்கிறார்கள்.

கதிரின் மொத்த அளவு, ஒரு நாளில் கொடுக்கும் அளவு, கதிர் படும் இடத்தின் பரப்பு ஆகியவற்றைப் பொறுத்து அபாயம் கூடும் அல்லது குறையும். கதிரை ‘கிரே’ என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் கொடுத்து, மூளையின் ஒரு பகுதி மொத்தம் 72 கிரே வாங்கினால் நூற்றுக்கு 5 பேருக்கு இக்கேடு வரலாம் என்று 2010-ல் வெளியான சர்வதேச ஆய்வுத் தொகுப்பு ஒன்று மதிப்பிட்டது. மூளைக் கட்டிக்கு வழக்கமாகக் கொடுப்பது ஆறு வாரங்களில் சுமார் 60 கிரே. ஆகவே திட்டமிட்டுக் கொடுத்தால் அபாயம் குறைவு. ஒரே நாளிலோ சில நாட்களிலோ கூர்மையாகப் பாய்ச்சும் முறையிலும், ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை கதிர் வைக்கும்போதும் அபாயம் கூடுகிறது. புரோட்டான் கதிரும் இதற்கு முழு விலக்கல்ல.

ஒரே முகம், இரண்டு நோய்

தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு கை அல்லது கால் சோர்ந்துபோதல், பேச்சுக் குழறல், மறதி, சுபாவ மாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். கட்டி மறுபடி வளர்ந்தாலும் இதே அறிகுறிகள்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே வெளுத்துத் தெரிகின்றன. இங்கேதான் ஏழையின் உயிர் ஊசலாடுகிறது!

“புற்று திரும்பி வந்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று வீட்டார் மனம் ஒடிந்து, நோயாளியை ஊருக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். உண்மையில் வந்திருப்பது புற்றாக இல்லாமல், வற்றச் செய்யக்கூடிய வீக்கமாக இருந்தால்? மருந்து இருக்கும் நோய்க்கு மருந்து பெறாமல் ஒரு மனிதர் மடிகிறார். அல்லது இதற்கு நேர்மாறாக, திசு இறப்பைப் புற்று என்று கொண்டு, வேண்டாத கதிரும் வேண்டாத மருந்தும் கொடுக்கப்பட்டால், கேட்டின் மேல் கேடு சேர்கிறது.

இரண்டையும் பிரித்தறிய வழிகள் இருக்கின்றன. மூளையின் அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் எவ்வளவு என்று அளக்கும் ஸ்கேன் உண்டு. திசுவின் ரசாயனச் சேர்க்கையைக் காட்டும் ஸ்கேன் உண்டு. பெட் ஸ்கேன் உண்டு. சில வாரங்கள் விட்டுத் திரும்ப ஸ்கேன் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு. எதிலும் தெளிவில்லையெனில் சிறு துண்டு திசுவை எடுத்துச் சோதிக்கிறார்கள். இவை ஒரே கூரையின் கீழ் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நாகப்பட்டினத்து விவசாயத் தொழிலாளி இதற்காக எத்தனை பஸ் ஏற வேண்டும், எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

என்ன மருந்து உண்டு?

அறிகுறி எதுவுமின்றி ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு திசு இறப்புக்கு மருந்தே வேண்டியதில்லை. கவனித்து வந்தால் போதும். அறிகுறி இருந்தால் முதலில் கொடுப்பது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. விலை மிகக் குறைவு. வீக்கத்தை வேகமாக வடிக்கிறது. ஆனால் நாள்பட்டால் சர்க்கரை ஏறும், தொடைத் தசை வலுவிழக்கும், தூக்கம் கெடும், தொற்றுநோய்கள் எளிதில் பற்றும். நிறுத்தும்போதும் டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். தலைவலி விட்டுவிட்டது என்று தானாகவே சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

ஸ்டீராய்டால் தீராதபோது கைகொடுப்பது பெவசிஸுமாப் என்ற ஊசி மருந்து. புதுக் குழாய்களை முளைக்கச் சொல்லும் அந்தப் புரதத்தை இது பிடித்துக் கட்டிவிடுகிறது. கசிவு நிற்கிறது, வீக்கம் வற்றுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 14 நோயாளிகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. வெறும் உப்புநீர் ஏற்றப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட வீக்கம் வற்றவில்லை; மருந்து பெற்றவர்கள் எல்லோருக்கும் குறைந்தது. சீனாவில் மூக்கின் பின்புறப் புற்றுக்குக் கதிர் வாங்கிய 112 பேரிடம் நடத்திய சோதனை 2018-ல் வெளியாயிற்று. ஸ்டீராய்டு பெற்ற 54 பேரில் 17 பேருக்கே பலன். பெவசிஸுமாப் பெற்ற 58 பேரில் 38 பேருக்குப் பலன். இந்த மருந்துக்கும் தீங்குகள் உண்டு. ரத்த அழுத்தம் ஏறலாம், ரத்தம் கசியலாம் அல்லது உறையலாம், அறுவைப் புண் ஆறாமல் போகலாம். நிறுத்திய பின் சிலருக்கு வீக்கம் திரும்புவதும் உண்டு. செத்துப்போன திசுவை எந்த மருந்தும் உயிர்ப்பிப்பதில்லை. ஆயினும் படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடக்கவும், ஸ்டீராய்டைக் குறைக்கவும் இது பலருக்கு வழி செய்கிறது.

அழுத்தம் மிகுந்து உயிருக்கு ஆபத்தானால் இறந்த திசுவை அறுவை செய்து எடுக்கிறார்கள். மெல்லிய லேசர் கம்பியைச் செலுத்திச் சுட்டழிக்கும் முறை சில நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அழுத்தம் கூடிய அறையில் பிராணவாயு கொடுக்கும் முறையும் உண்டு. அதன் பலனைப் பற்றி டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நம் நாட்டுக் குந்திரிக்க மரத்துப் பிசினிலிருந்து எடுத்த மருந்து, கதிர் வாங்கியவர்களின் மூளை வீக்கத்தைக் குறைத்ததாக ஜெர்மனியில் 44 பேரிடம் நடத்திய சோதனை 2011-ல் வெளியாயிற்று. அது அளவு கணக்கிட்டுத் தயாரித்த மருந்து. இதைச் சாக்காக வைத்துக் கடைச் சரக்கை ஆயிரக்கணக்கில் விற்க வருகிறவர்களை நம்பி ஏமாறக் கூடாது.

மருந்து யாருக்குச் சொந்தம்?

பெவசிஸுமாப் 2004-ல் குடல் புற்றுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. நெடுநாள் ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் ஏகபோகமாக இருந்தது. பின்னர் இந்தியக் கம்பெனிகள் இதற்கு நிகரான மருந்தைத் தயாரிக்கத் தொடங்கின. 2016, 2017 ஆண்டுகளில் அவை சந்தைக்கு வந்தன. விலை இறங்கியது. ஆயினும் பல தவணைகள் போட வேண்டிய இந்த ஊசி, நாள் கூலிக்காரரின் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டதா? இல்லை!

மருந்து விலை ஆண்டவன் எழுதி வைத்ததல்ல. சட்டம் எழுதி வைத்தது. 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளின் மீது காப்புரிமை கிடையாது என்றது. அதனால்தான் நம் நாட்டில் மலிவு மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பணிந்து 2005-ல் அந்தக் காப்புரிமை மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஆனாலும் மிச்சமிருந்த ஒரு விதியைப் பயன்படுத்தி 2012-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுக்கப்பட்டது. அப்போது என்ன நடந்தது? மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைத்தது! மருந்து மாறவில்லை, ஏகபோகம்தான் உடைந்தது. மீதி 2,71,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை எதன் விலை என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

பொதுத்துறையால் இவற்றைச் செய்ய முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். கோபால்ட் கதிர் இயந்திரத்தை நம் அணுசக்தி விஞ்ஞானிகளே ‘பாபாட்ரான்’ என்ற பெயரில் வடிவமைத்தார்கள். 2005-ல் நவி மும்பையில் அது வேலைக்கு வந்தது. மும்பையின் டாடா நினைவு மையம் 2023-ல் புரோட்டான் சிகிச்சையைத் தொடங்கியது. வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே, கிண்டியில், பி.சி.ஜி. தடுப்பூசி செய்யும் மத்திய சர்க்கார் கூடம் இருக்கிறது. 2008-ல் அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு 2010-ல் அது விலக்கப்பட்டது. செங்கல்பட்டில் மக்கள் பணத்தில் எழுப்பிய தடுப்பூசி வளாகம் பல ஆண்டுகள் உற்பத்தியின்றிக் கிடந்தது. திறமை இல்லாமல் அல்ல. செய்ய வேண்டும் என்ற மனம் இல்லாமல்தான் வேலை நின்றது!

மில் தொழிலாளியும் கூலித் தொழிலாளியும்

1948-ம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955-ல் கோயம்புத்தூருக்கு வந்தது. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, தகுதி பெற்ற தொழிலாளிக்கு இரண்டு ஆண்டு வரை கூலியில் 80 சதவிகிதம் கொடுக்கும் உரிமை அதில் உண்டு. இதை அறியாமலே வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. முதலில் சங்கத்தைக் கேளுங்கள்.

ஆனால் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். புற்று அடங்கிவிட்டது என்று எழுதிய பிறகு, கதிரின் விளைவால் கை கால் சோர்ந்தவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அவர் புற்றுநோயாளியா, இல்லையா? இந்தக் கேள்வியைக் குமாஸ்தாவின் மனப்போக்குக்கு விட்டுவிட முடியாது. சிகிச்சையின் விளைவும் அந்த நோயின் தொடர்ச்சியே என்று சந்தேகத்துக்கு இடமின்றி எழுதி வைக்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ.யே கிடையாது. அவருக்கு இருப்பது சர்க்கார் ஆஸ்பத்திரியும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும். ஆறு வாரம் தினமும் கதிர் வாங்க வருகிறவருக்கு அத்தனை நாள் கூலியும் போய்விடுகிறது; கூட வரும் மனைவியின் கூலியும் போய்விடுகிறது. இரண்டு வருஷம் கழித்துத் தலைவலி என்று மறுபடி வரும்போது, அவரிடம் விற்க ஒரு ஆடுகூட மிச்சமிருப்பதில்லை. சட்டம் அவரைத் தொழிலாளியாகவே எண்ணவில்லை என்றால் சட்டத்தைத்தான் திருத்த வேண்டும்.

வீட்டார் கவனத்துக்கு

கதிர் வாங்கியவர்களின் குடும்பத்தார் சில காரியங்களை மறவாமல் செய்ய வேண்டும். எந்த இடத்துக்கு, எத்தனை தவணை, மொத்தம் எத்தனை கிரே கதிர் கொடுக்கப்பட்டது என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கி எறியாதீர்கள். புதிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவையே டாக்டருக்கு ஆதாரம். வீடு மாற்றி ஊருக்கு வெளியே துரத்தப்படும்போதும், வெள்ளம் வரும்போதும், ரேஷன் கார்டோடு அவற்றையும் காப்பாற்றுங்கள். கதிர் முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தலைவலி, வலிப்பு, மறதி வந்தால், கதிர் கொடுத்த ஆஸ்பத்திரிக்கே உடனே போங்கள். “இது புற்றா, கதிரின் விளைவா?” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நமது கோரிக்கைகள்

தமிழ்நாட்டில் மருந்துகளை மொத்தமாக வாங்கி எல்லா சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப 1994-லேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாக்கப்பட்டது. மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் மூலமே பெவசிஸுமாப் போதிய அளவில் வாங்கப்பட வேண்டும். புற்றுக்கு மட்டுமல்லாமல், கதிரால் வந்த மூளைத் திசு இறப்புக்கும் அதைக் கொடுக்கலாம் என்று தெளிவான உத்தரவு வேண்டும். இந்த மருந்து 100 மில்லிகிராம், 400 மில்லிகிராம் புட்டிகளில் வருகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தவணைக்கு வேண்டியது சுமார் 250 மில்லிகிராம். திறந்த புட்டியின் மீதி வீணாகிறது. ஒரே நாளில் பல நோயாளிகளுக்கு ஊசி போட ஏற்பாடு செய்தால் வீணாவது குறையும்; அதே பணத்தில் மேலும் சிலர் பிழைப்பார்கள்.

கட்டியையும் திசு இறப்பையும் பிரித்தறியும் ஸ்கேன் வசதி, சென்னையோடு நின்றுவிடாமல், கதிர் இயந்திரம் உள்ள எல்லா சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். காப்பீட்டு அட்டை சிகிச்சையோடு நில்லாமல், சிகிச்சையின் விளைவுகளையும் ஏற்க வேண்டும். கதிர் வாங்கும் நாட்களுக்கு விவசாயத் தொழிலாளிக்கும் கட்டிடத் தொழிலாளிக்கும் கூலி ஈடு கொடுக்க வேண்டும். உயிர் காக்கும் உயிரியல் மருந்துகளைப் பொதுத்துறையே தயாரிக்க வேண்டும்.

இவை நடக்காத காரியங்கள் அல்ல. 12 படுக்கைகளோடு ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்க ஒரு பெண்மணியின் பிடிவாதம் போதுமாக இருந்த நாடு இது. லட்சக்கணக்கான உழைப்பாளிகளின் பிடிவாதம் இன்னும் எவ்வளவோ செய்ய வல்லது. ஆலைச் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும், குடியிருப்போர் அமைப்புகளும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலி, நிலம், வீட்டுமனை ஆகியவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருந்து இருக்கும் நோய்க்கு மருந்தின்றி ஒருவரும் சாகக் கூடாது. இந்தக் கோரிக்கையை ஊர்தோறும், ஆலைவாசல்தோறும் எழுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்!